வயதானால் குருத்தெலும்பு தேய்கிறதா, வேறு ஏதாவது நடக்கிறதா?

நாலுகால் நண்பன்:
வயதான நாயையோ பூனையையோ மூட்டுப் பிரச்சினை என்று கொண்டுபோனால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "வயசாச்சு, குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு." எனக்கு இது இடிக்கிறது. தேய்மானம்தான் காரணம் என்றால் வாழ்நாள் முழுக்க ஓடும் விலங்குக்கு முதலில் மூட்டு போயிருக்க வேண்டும். நாள் முழுக்கச் சுருண்டு தூங்கும் பூனைக்குக் கடைசி வரை ஒன்றும் ஆகக் கூடாது. நடப்பது அப்படியில்லையே.

இன்னொன்று. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, எலும்பு உடைந்தால் கூடுகிறது. இது மட்டும் ஏன் முடங்கிப்போகிறது? காது, தொண்டை, விலா நுனியில் இருப்பதும் குருத்தெலும்புதானே, அதற்கெல்லாம் என்ன ஆகிறது? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். பேச்சு விலங்குகளோடு நிற்கட்டும், மனிதர்களின் முழங்கால் வலிக்கு வேறு விவாத இழைகள் நிறைய இருக்கின்றன.

செல்லும் சவ்வும்:
முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. எடையில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர். செல்கள் மிகக் குறைவு. காண்ட்ரோசைட் எனப்படும் இந்தச் செல்கள் ஒவ்வொன்றும் தன் சிறு குழிக்குள் தனித்து உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் பக்கத்துச் செல்லைத் தொடுவதுகூட இல்லை. ஊட்டம் எல்லாம் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும்.

செல்லைச் சுற்றி இருப்பவை முக்கியமாக இரண்டு பொருட்கள். ஒன்று கொலாஜன் இழைகள், அதுதான் வலை. இன்னொன்று அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. இதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வலைக்குள் திணித்த ஈரப் பஞ்சு மாதிரி. பஞ்சு உப்பப் பார்க்கும், வலை விடாது, அந்த இழுபறியில்தான் மூட்டு எடை தாங்குகிறது.

ஏன் புதுப்பிக்க முடியவில்லை என்றால், அக்ரிகன் புதுப்பிக்கப்படத்தான் செய்கிறது, மெதுவாக. கொலாஜன் வலைதான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதை நிரூபித்த விதம் அழகானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது, பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டின் அளவு அதில் பதிந்திருக்கும். 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனித முழங்கால் குருத்தெலும்பை இப்படி அளந்தார்கள். (மனிதர் வேண்டாம் என்றீர்கள், ஆனால் இந்த அளவுக்குத் துல்லியமான சான்று அங்கேதான் இருக்கிறது.) வயதானவர்களிடமும், மூட்டு நோய் வந்தவர்களிடமும்கூட, கொலாஜன் வளரும் பருவத்தில் போடப்பட்டதுதான். அதற்கு முன்பு, 2000இல், வேறு வழியில் கணக்குப் போட்டவர்களுக்கு அதன் அரைவாழ்வு, அதாவது பாதி புதிதாக மாற எடுக்கும் காலம், 117 ஆண்டு என்று வந்திருந்தது. தோலின் கொலாஜனுக்கு 15 ஆண்டு.

ஆக வளர்ந்த விலங்கின் கையில் இருப்பது குட்டியாக இருந்தபோது பின்னிய வலை. காலப்போக்கில் அந்தப் பழைய வலையில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டி, இழைக்கு இழை குறுக்குப் பிணைப்பு போட்டுவிடுகின்றன. வலை விறைக்கிறது, நிறம் மஞ்சளாகிறது. அக்ரிகன் மூலக்கூறுகள் சிறுத்துப்போகின்றன, வெட்டுப்பட்ட துண்டுகள் வெளியேறாமல் தேங்குகின்றன, தண்ணீர் பிடிக்கும் திறன் குறைகிறது. இத்தனையும் யாரும் எதையும் உரசாமலேயே நடப்பவை.

சந்தேகப்பேர்வழி:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை. சர்க்கரை ஒட்டி வலை விறைக்க 40, 50 ஆண்டு ஆகும் என்றால், சுண்டெலிக்கு என்ன பதில்? அது வாழ்வதே இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கும் கடைசிக் காலத்தில் மூட்டு கெடுகிறதே. கினிப்பன்றியில் ஒரு ஆய்வக வகை இருக்கிறது, டங்கின் ஹார்ட்லி. அதன் முழங்காலில் மூன்று மாதத்திலேயே நுண்ணோக்கியில் மாற்றம் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்று மாதத்தில் எந்தச் சர்க்கரை வந்து எவ்வளவு ஒட்டியிருக்கும்?

செல்லும் சவ்வும்:
@சந்தேகப்பேர்வழி சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒட்டும் சர்க்கரையின் கணக்கு நாட்காட்டிப்படி ஓடுகிறது, செல்லின் முதுமை அந்தந்த இனத்தின் ஆயுள்படி ஓடுகிறது. சுண்டெலியில் இரண்டாவதுதான் பெரிய பங்கு. வயதான காண்ட்ரோசைட் பிரிவதை நிறுத்திவிட்டுச் சும்மாவும் இருக்காது, சுற்றியுள்ள கொலாஜனையும் அக்ரிகனையும் அரிக்கும் நொதிகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். 2017இல் சுண்டெலி முழங்காலில் காயம் உண்டாக்கி, அப்படி முதுமையடைந்த செல்களை மட்டும் களைந்து பார்த்தார்கள். குருத்தெலும்பு கெடுவது குறைந்தது. அதே யோசனையில் மனித முழங்காலுக்குச் செய்த மருந்து 2020இல் மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலான பலன் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலியில் வேலை செய்தது என்றதும் குதிக்கக் கூடாது.

கினிப்பன்றி தனிக் கதை. அங்கே மரபும் எடையும் சேர்ந்து முடுக்குகின்றன. அதை வயதின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

அறுவை மேசை:
கால்நடை மருத்துவத்தில் இருக்கிறேன், பிரேதப் பரிசோதனையும் பார்ப்பவன். கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பிறந்த கன்றின் முழங்காலைத் திறந்தால் குருத்தெலும்பு தடிமனாக, லேசாக நீலம் பாய்ந்த வெண்மையில், ஈரமாகப் பளபளக்கும். கத்தியால் சீவினால் சீராக வரும். கிழட்டுப் பசுவில் அதே இடம் மெல்லியதாக, மங்கலாக, மஞ்சளோடியிருக்கும். வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. கறுப்பு மையைத் தடவி, ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல பரப்பில் மை அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும். மேல் இழைகள் பிரிந்த இடத்தில் மட்டும் மை பிடித்து நிற்கும், வேர் வேராகக் கோடு தெரியும். எடை அதிகம் விழாத ஓரங்களில்கூட அந்தக் கோடுகள் இருப்பதுதான் வேடிக்கை. தேய்மானம் என்றால் நடுவில் அல்லவா முதலில் வர வேண்டும்!

நான் சொல்ல வருவது: முதுமை வேறு, மூட்டு நோய் வேறு. முதுமை எல்லோருக்கும் வரும், அது குருத்தெலும்பைப் பலவீனமாக்கி வைக்கும். நோய் அந்தப் பலவீனத்தின் மேல் ஏறி வருவது. வளைந்த இடுப்புக் குழி, அறுந்த தசைநார், கூடுதல் எடை என்று ஏதோ ஒன்று தள்ளிவிட வேண்டும். இளம் நாய்க்கே இடுப்பு கெட்டு வருகிறது, சில பேர் வீட்டில் கிழ நாயும் ஓடி விளையாடுகிறது.

பூனைமடி:
டாக்டர், பூனை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுப் பெரியவள் நொண்டவில்லை, கத்தவில்லை. உயரமான இடத்துக்குத் தாவுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். முதுகுப் பக்கம் நக்கிச் சுத்தம் செய்வதும் குறைந்து மயிர் சிக்காகிக் கிடந்தது. வயதாகிவிட்டது, சோம்பல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இதுவும் மூட்டா?

அறுவை மேசை:
@பூனைமடி அக்கா, மூட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. 2002இல் வந்த ஒரு ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில் 90இல் மூட்டுச் சிதைவு தெரிந்தது. அதில் பெரும்பாலானவற்றின் கோப்பில் மூட்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. பூனை இரண்டு பக்கமும் சேர்ந்து கெடும்போது நொண்டாது, செய்வதைக் குறைத்துக்கொள்ளும். தாவுவதற்கு முன் தயங்குகிறதா, மணல் தட்டில் ஏறக் கஷ்டப்படுகிறதா என்று கவனியுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் நடந்து காட்டாது.

கடிவாளம்:
குதிரைக்காரன் பேசாமல் இருக்க முடியுமா.

பிறந்த குட்டியின் மூட்டில் குருத்தெலும்பு எல்லா இடத்திலும் ஒரே சேர்மானம். எந்த இடம் தொடர்ந்து எடை தாங்கும், எந்த இடம் எப்போதாவது அடி வாங்கும் என்ற வித்தியாசம் எதுவும் அதில் எழுதப்பட்டிருக்காது. குட்டி ஓடி, குதித்து, விழுந்து எழும்போதுதான் இடத்துக்கு இடம் கொலாஜன் அளவும் அமைப்பும் மாறுகிறது. நெதர்லாந்தில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். முதல் ஐந்து மாதத்திலேயே பெரும்பகுதி அமைந்துவிடுகிறது. கொட்டடியிலேயே அடைத்து வளர்த்த குட்டியில் இந்த அமைப்பு பின்தங்கியது. மேலே சொன்ன கார்பன் கணக்கையும் இதையும் சேர்த்து யோசியுங்கள். பின்னால் வலையை மாற்ற வழியில்லை என்றால், அந்த ஐந்து மாதத்தில் குட்டி எங்கே நின்றது என்பது 20 வயதில் வந்து பேசும்.

குட்டிப் பருவத்தின் இன்னொரு விசேஷம், எலும்பு முனையில் வளரும் குருத்தெலும்பு அப்போது தடிமனாக இருப்பதால் அதற்குள் ரத்தக் குழாய்கள் ஓடும். வளர வளர அவை மறைந்துவிடும். மறையும் நேரத்தில் எங்காவது ரத்தம் முன்கூட்டியே தடைப்பட்டால் அந்தத் துண்டு செத்து, எலும்பாக மாறாமல் நின்று, பிறகு பிளந்து மூட்டுக்குள் மிதக்கும். குதிரையிலும் பன்றியிலும் நாயிலும் இது சர்வ சாதாரணம், ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ் என்பார்கள்.

அப்புறம் குளம்பு. குளம்புக்குள் இரண்டு பக்கமும் தகடு போலக் குருத்தெலும்பு இருக்கும். வயதாக ஆக, முக்கியமாகக் கனத்த வண்டிக் குதிரைகளில், அது எலும்பாகிப்போகும். பெரும்பாலும் குதிரை அதைக் கண்டுகொள்வதே இல்லை.

நாலுகால் நண்பன்:
இதைத்தான் கேட்க நினைத்தேன். மூட்டில் இருப்பது மெலிகிறது, குளம்பில் இருப்பது எலும்பாகிறது. எது எப்போது எப்படி என்று ஏதாவது கணக்கு உண்டா?

அறுவை மேசை:
ஓரளவுக்கு உண்டு. கண்ணாடிக் குருத்தெலும்பு எனப்படும் வகை, அதாவது விலா நுனி, மூச்சுக்குழல் வளையம், குரல்வளையின் பெரிய தகடுகள், தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பு, இவை வயதோடு சுண்ணாம்பேறும், பல இடங்களில் எலும்பாகவே மாறும். காது மடல், குரல்வளை மூடி போன்ற மீள்தன்மைக் குருத்தெலும்பு பொதுவாக அப்படி ஆகாது. கிழட்டு நாயின் காதை மடித்துப் பாருங்கள், மடங்கும். அதே நாயின் விலா நுனி எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

மூட்டுக் குருத்தெலும்பும் கண்ணாடி வகைதான். அது முழுக்க எலும்பாவதில்லை, ஆனால் அடியில் எலும்பை ஒட்டிச் சுண்ணாம்பேறிய ஒரு அடுக்கு உண்டு. வயதில் அந்த எல்லைக்கோடு மேலே நகரும். நுண்ணோக்கியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று கோடு தெரியும். மேலிருந்து உரசி மெலிவதைப் பற்றியே பேசுகிறோம், கீழிருந்து விழுங்கப்படுவதும் நடக்கிறது.

இறைச்சி ஆய்வில் இந்த எலும்பாக்கத்தைத்தான் வயது காட்டியாக வைத்திருக்கிறார்கள். ஆட்டின் முன்னங்கால் நுனியை முறித்தால் இளம் ஆட்டில் வளர்ச்சித் தட்டிலேயே (எலும்பு நீள வளரும் குருத்தெலும்பு அடுக்கு) உடையும், உடைந்த முகம் சிவந்து, ஈரமாக, மேடு பள்ளமாக இருக்கும். முதிர்ந்த ஆட்டில் தட்டு மூடி எலும்போடு ஒன்றாகியிருக்கும், என்ன முறித்தாலும் அங்கே உடையாது, ஒரு படி கீழே மூட்டில்தான் கழற்ற வேண்டும். அமெரிக்காவில் மாட்டின் முதுகெலும்பு முள்களின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புப் பொத்தான்களைப் பார்ப்பார்கள். முத்து வெள்ளையில் தொடங்கி, சிவப்புப் புள்ளி விழுந்து, கடைசியில் வெறும் எலும்பு.

செல்லும் சவ்வும்:
மாட்டின் இதயத்தையும் சொல்லிவிடுங்கள் டாக்டர். பெருந்தமனி கிளம்பும் இடத்தில் ஒரு சிறு எலும்பு உட்கார்ந்திருக்கும். குருத்தெலும்பாக இருந்து எலும்பானது. ஆட்டிலும் உண்டு. 2020இல் சில சிம்பன்சிகளின் இதயத்திலும் பார்த்தார்கள், ஆனால் அங்கே அது இதயத் தசை நார்த்திசுவாகும் நோயோடு சேர்ந்து வந்தது. மாட்டில் இயல்பு, சிம்பன்சியில் கோளாறின் துணை.

சுறாமுள்:
எல்லோரும் எலும்பு உள்ள விலங்குகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பு முழுக்கக் குருத்தெலும்பே எலும்புக்கூடாக இருக்கும் சுறா, திருக்கை பக்கம் வாருங்கள்.

அங்கே குருத்தெலும்பு எலும்பாக மாறுவதில்லை. மேற்பரப்பில் சின்னச் சின்னச் சுண்ணாம்புச் சில்லுகளாக ஓடு பதித்தது போல இறுகும், உள்ளே கடைசி வரை குருத்தெலும்பே. முதுகெலும்பில் வளர வளர வரிகள் விழும், மர வளையம் எண்ணுவது போல எண்ணி வயது சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால் மீன் வளர்ச்சி குறைந்ததும் வரிகள் நெருங்கி, பிறகு விழுவதே நின்றுவிடுகிறது. செல்லும் சவ்வும் சொன்ன அதே அணுகுண்டுக் கார்பனை வைத்துச் சரிபார்த்ததில், வயதான சுறாக்களுக்கு நாம் போட்ட வயது ஏகப்பட்ட குறைவு என்று தெரிந்தது. வெள்ளைச் சுறாவுக்கு 2014இல் இப்படிப் பார்த்தபோது ஒரு ஆண் சுறாவுக்கு 73 வயது வந்தது. கிரீன்லாந்துச் சுறாவுக்கு முதுகெலும்பு வரியே உதவாது, 2016இல் கண் வில்லையை வைத்துத்தான் கணித்தார்கள். மிகப் பெரியதற்கு 392, கூட்டிக் குறைத்து 120 ஆண்டு.

இந்த இழைக்கு நேராகப் பொருந்துவது திருக்கை இனத்துச் சிறு மீன் ஒன்று. 2020இல் காட்டினார்கள்: வளர்ந்த பிறகும் அது புதுக் குருத்தெலும்பை உண்டாக்குகிறது, துளையிட்ட இடத்தையும் மெல்ல மெல்லக் குருத்தெலும்பாலேயே நிரப்புகிறது. "ஒருமுறை போனால் போனதுதான்" என்று உடற்கூறு மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743இல் எழுதியது பாலூட்டி மூட்டுக்குப் பொருந்தும், எல்லா விலங்குக்கும் அல்ல.

பூனைமடி:
அப்படியென்றால் சுறாக் குருத்தெலும்பு மாத்திரை வேலை செய்யுமா?

சுறாமுள்:
அக்கா, சுறாவை விட்டுவிடுங்கள். குடலுக்குப் போனதும் அது வெறும் புரதம்.

அறுவை மேசை:
மாத்திரைக் கேள்வி எப்படியும் வரும், முடித்துவிடுகிறேன். நாய், பூனைகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒமேகா-3 கொழுப்பு சேர்த்த உணவுக்கு வலி குறைக்கும் பலன் தெரிந்தது. மூட்டு மாத்திரைகளில் வரும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலவைக்குத் தெரியவில்லை. கொடுத்தால் கெடுதலில்லை என்பார்கள், சரி, ஆனால் அதைக் கொடுத்துவிட்டு எடையைக் கவனிக்காமல் விடுவது கெடுதல்தான். மாதம் ஒருமுறை போடும் புது ஊசிகள் வலிச் சமிக்ஞையைத் தடுப்பவை, குருத்தெலும்பைத் திரும்பக் கொண்டுவருபவை அல்ல.

எடைக்கு நாய்களில் கிடைத்த சான்று போல வேறெதற்கும் இல்லை. 48 லாப்ரடார் குட்டிகள், ஒரே ஈற்றில் பிறந்தவை இரண்டிரண்டாக. ஒன்றுக்கு வழக்கமான தீனி, உடன்பிறப்புக்கு அதைவிட 25 சதவீதம் குறைவு, சாகும் வரை. இடுப்பு மூட்டு கெட்டது எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பித்த இடைநிலை வயது (பாதி நாய்களுக்கு வந்துவிட்ட வயது) முதல் குழுவில் 6, இரண்டாவதில் 12. ஆயுளிலும் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வித்தியாசம். தீனி குறைந்த கூட்டம் ஒல்லியாக, அதே வயதாகி, அதே மரபோடுதான் இருந்தது. கொழுப்புத் திசு எடையை மட்டும் ஏற்றுவதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் ரத்தத்தில் விடுகிறது.

சந்தேகப்பேர்வழி:
வீட்டு நாய்க்குச் சரி. காட்டு விலங்கு யார் தீனி போட்டும் குண்டாவதில்லை, அதற்கு ஏன் மூட்டு போகிறது?

செல்லும் சவ்வும்:
அங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழுகிறது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்ற தீவு. ஓநாய்களும் மூஸ் மான்களும் மட்டும் ஆடும் ஆட்டத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவருகிறார்கள். செத்த மூஸ்களின் எலும்புகள் ஆயிரத்துக்கு மேல் சேகரித்து 2010இல் வெளியிட்டதில், இடுப்பு மூட்டு கெட்டவற்றுக்குக் கால் எலும்பு குட்டையாக இருந்தது. கால் எலும்பு குட்டை என்றால் கருவிலும் குட்டிப் பருவத்திலும் பட்டினி. பட்டினியில் பின்னிய வலை பின்னாளில் தாங்கவில்லை. மூட்டு கெட்ட மூஸ் ஓநாய்க்குச் சுலப இரை.

சந்தேகப்பேர்வழி:
கடைசியாக ஒன்று, இதையெல்லாம் பார்த்தால் எலி ஆய்வுகளை எவ்வளவு நம்புவது?

செல்லும் சவ்வும்:
பார்த்துத்தான். எலியில் கால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுதாக மூடுவதே இல்லை, கிழமாகியும் கோடு இருக்கும். நாய், ஆடு, குதிரை எல்லாவற்றிலும் பருவத்தில் மூடிவிடும். தடிமனும் வேறு. சுண்டெலி முழங்காலில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வராது. யானை வரை 58 வகைப் பாலூட்டிகளை அளந்து பார்த்தவர்கள் கண்டது, உடம்பு பெருத்த அளவுக்குக் குருத்தெலும்பு தடிப்பதில்லை. பரப்பிலிருந்து ஊட்டம் ஊறி வர வேண்டிய திசு வரம்பில்லாமல் தடிக்க முடியாது என்பது என் ஊகம்.

நாலுகால் நண்பன்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பெரிய இன நாய்க்குட்டி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? டாக்டர், சுருக்கமாக.

அறுவை மேசை:
விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவு ஒல்லியாக வைத்திருங்கள், சீக்கிரம் பெரிதாக்க அவசரப்படாதீர்கள். பெரிய இனக் குட்டிக்கான சரிவிகித உணவு கொடுக்கும்போது மேலே கால்சியம் சேர்க்காதீர்கள். கிரேட் டேன் குட்டிகளில் கூடுதல் கால்சியம் குருத்தெலும்பு எலும்பாவதைக் குழப்பியது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. நார்வேயில் நான்கு பெரிய இனங்களைக் குட்டியிலிருந்து தொடர்ந்த ஆய்வில், மூன்று மாதம் வரை தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதல். மென்மையான, மேடு பள்ளமான தரையில் கயிறில்லாமல் ஓடியவற்றுக்குக் குறைவு. ஆகவே படியில் தூக்கிக்கொண்டு போங்கள், புல்லில் இறக்கி விடுங்கள். பந்தை எறிந்து எறிந்து ஓடவிடுவது பெரிதான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாக்ஸ்ஹுண்ட் வைத்திருப்பவர்கள் இருந்தால் தனி இழை தொடங்குங்கள். அதன் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்றே முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளை முதல் ஆண்டிலேயே முதுமையாக்கிவிடும். அங்கே ஆலோசனை முழுக்க வேறு.